இரண்டு வாரம் குறையும் மோகனாம்பாள்

எங்கள் அத்தையிடம் ஒரு தில்லானா மோகனாம்பாள் இருந்தது. புத்தகக் கடையில் வாங்கியதல்ல. ஆனந்த விகடனில் வாராவாரம் வந்ததைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, அடுக்கி, சணல் போட்டுக் கட்டிவைத்து, தொடர் முடிந்ததும் கும்பகோணத்தில் கொடுத்து பைண்டு செய்து வாங்கியது. முதுகில் சிவப்புக் காலிகோ. அட்டையில் பச்சைப் புள்ளிக் காகிதம். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டியிருந்ததால் பூச்சி அண்டவில்லை என்பார் அத்தை. பூச்சி அண்டவில்லை, ஆனால் பைண்டு செய்தவர் ஓரத்தை வெட்டும்போது கை தாராளமாகப் போய்விட்டது. சில பக்கங்களில் வரிகளின் கடைசி எழுத்து இருக்காது. படிக்கிறவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

பைண்டு புத்தகம் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் கதை மட்டும் இருப்பதில்லை. மோகனா ஆடிக்கொண்டிருக்கும் பக்கத்தின் முதுகில் தலைவலித் தைலம் விளம்பரம் இருக்கும். வைத்தி ஏதோ சதி செய்யப் புறப்படும் இடத்தில் பாதி சிரிப்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், மீதிப் பாதி போன பக்கத்தோடு போயிருக்கும். அந்தத் துணுக்கின் முடிவு என்னவாக இருந்திருக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஒரு டாக்டரும் நோயாளியும். நோயாளி ஏதோ கேட்கிறான். அவ்வளவுதான்.

தொடர் வந்தது 1950-களின் பிற்பகுதியில். எழுதியவர் பெயர் கலைமணி என்று போட்டிருக்கும். அது கொத்தமங்கலம் சுப்பு என்பது ஊருக்கே தெரியும். படம் கோபுலு. நான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்த 60-களின் நடுவில் அந்தப் புத்தகம் ஏற்கெனவே தெரு முழுக்கச் சுற்றிவந்து கிழடு தட்டியிருந்தது. எங்கள் ஊருக்கு நரசிங்கம்பேட்டையும் திருவாவடுதுறையும் நடந்து போகிற தூரம். ஒன்றில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாயனம் செய்வார்கள். மற்றதில் அந்த நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைக் கட்டுவார்கள். நாயனக்காரன் கதை எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் கதை மாதிரி.

அத்தை சாயங்காலம் விளக்கு வைத்தபின் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். நாலைந்து பெண்கள், நாங்கள் மூன்று பிள்ளைகள், எப்போதாவது உள்ளிருந்து கேட்டுக்கொண்டே கேட்காத மாதிரி இருக்கும் தாத்தா. ஒரு தடவை முடிந்ததும் கொஞ்ச நாள் கழித்து மறுபடி முதலிலிருந்து. ஆனால் புத்தகத்தில் ஓரிடத்தில் இரண்டு வாரம் கிடையாது. அந்த இரண்டு விகடனையும் யாரோ இரவல் வாங்கிப் போய்த் திரும்பத் தரவில்லை. யார் என்று அத்தைக்குத் தெரியும். அந்த வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அவர் போகவில்லை என்று அம்மா சொல்வார்.

அந்த இடம் வந்ததும் அத்தை புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிடுவார். மீதியை வாயால் சொல்வார். நாயனக்காரன் சண்முகசுந்தரம் கோபித்துக்கொண்டு வெளியூர்க் கச்சேரிக்குப் போய்விடுகிறான். மோகனா ஒரு நாள் நடுப்பகலில், ஆளில்லாத நேரம் பார்த்து, அவன் வீட்டுக்கு வருகிறாள். திண்ணையில் ஒரு கிழவி. யார் என்ன என்று கேட்காமல் ஒரு செம்பு மோர் கொடுக்கிறாள். மோகனா குடித்துவிட்டுச் செம்பை வைக்க உள்ளே போகிறாள். மாடப்பிறையில் வரிசையாகச் சீவாளிகள் காய்கின்றன. ஒன்றை எடுத்துப் பார்க்கிறாள். அவன் உதடு பட்டுப் பட்டு நுனி கருத்திருக்கிறது. வாய்க்குக் கொண்டுபோகிறாள், ஊதவில்லை, ஊதினால் சத்தம் வரும். முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடுகிறாள். கிழவி திண்ணையிலிருந்து, “மோருக்கு உப்பு சரியா இருந்துதாம்மா?” என்று கேட்கிறாள்.

இந்த இடத்தில் பெண்கள் யாரும் பேச மாட்டார்கள். எனக்கு அப்போது அது ஏன் என்று புரியவில்லை. திருட்டுத்தனமாக எடுத்தாளே, மாட்டிக்கொள்வாளா என்பதுதான் என் கவலை.

படம் 1968-இல் வந்தது. எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்துசேர இன்னும் சில வருஷம் ஆயிற்று. நான் உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். தரை டிக்கெட் முப்பது காசு. மணலைக் குவித்து உயரமாக உட்காருவதும், பின்னால் இருப்பவன் அதை முதுகால் சரிப்பதும் வழக்கம்போல நடந்தது. சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ், மனோரமா. இந்தப் படத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஜில் ஜில் ரமாமணி வாயைத் திறந்ததும் கொட்டகையே எழுந்து உட்கார்ந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அத்தை வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம். “கோபுலு போட்ட கழுத்து எங்க, அந்தம்மா கழுத்து எங்க? நான் வரல” என்றுவிட்டார். பத்மினியின் கழுத்தைக் குறை சொன்ன ஒரே தமிழ்ப் பெண் எங்கள் அத்தையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததைப் பிற்பாடு உணர்ந்தேன். பத்து வருஷமாக அவர் கூடவே இருந்த ஒரு முகம். அதை ஒரே ராத்திரியில் எடுத்துக் கொடுத்துவிட்டு வரச் சொன்னால்?

எங்கள் கோயில் நாயனக்காரர் மட்டும் அதே படத்தை ஐந்து தடவை பார்த்தார். கதைக்காக இல்லை. திரையில் சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும் வாசிக்க, சத்தம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. வாய்க்கும் விரலுக்கும் சத்தம் பொருந்துகிறதா என்று பார்க்கவே போனார். ஐந்தாம் தடவை பார்த்துவிட்டு வந்து எங்கள் திண்ணையில் தீர்ப்புச் சொன்னார். விரல் சரி. கன்னம் உப்புவது சரி. மூச்சு எடுக்கிற இடமும் பெரும்பாலும் சரி. “ஆனா சீவாளியைக் கழட்டி மாட்டுறப்ப ஒரு தயக்கம் இருக்கு தம்பி. நமக்கு அது சோத்துல கை வைக்கிற மாதிரி. அவருக்கு அது சாமான்.” சொல்லிவிட்டு, அதற்காகத் தான் சிவாஜியைக் குறை சொல்லவில்லை என்று மூன்று தடவை சொன்னார்.

நான் அந்தப் படத்தில் தேடியது வேறு. மோர், மாடப்பிறை, முந்தானை. ரயில் பெட்டிக் காட்சி வந்தது, கையில் கத்தி பட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பது வந்தது, நலம் விசாரிக்கும் பாட்டு வந்தது, மதன்பூர் வந்தது. கல்யாணமும் ஆகிவிட்டது. சீவாளி வரவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து, “அத்தை, நீங்க சொன்னீங்களே, அது படத்துல இல்லையே” என்றேன். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “கொட்டகைக்காரன் வெட்டியிருப்பான். நேரமாச்சுன்னா ரீலை வெட்டிடுவாங்கடா” என்றார்.

அது அந்தக் காலத்தில் உண்மைதான். கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் சத்தம் போட்டால் ஒரு பாட்டு காணாமல் போகும். ஆகவே நம்பினேன். பிறகு கும்பகோணத்தில் ஒருமுறை, பெரிய தியேட்டரில், முழுசாகப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடுவதும், புத்தகம் படித்துவிட்டுப் படத்தில் துழாவுவதும் எனக்குத் தொற்றிய வியாதி. அது அந்தச் சீவாளியில் ஆரம்பித்தது.

1977-இல் சில நேரங்களில் சில மனிதர்கள் வந்தபோது அம்மாவும் தெருப் பெண்களும் சேர்ந்து கும்பகோணம் போனார்கள், துணைக்கு நான். அம்மா அக்கினிப் பிரவேசம் சிறுகதையை 1966-இல் விகடனில் வந்தபோதே படித்தவர். மழையில் காரில் ஏறி, கெட்டுப்போய் வீடு திரும்பும் பெண்ணின் தலையில் அவள் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லும் கதை. வாசகர்கள் கொதித்துப் போனார்கள். ஜெயகாந்தன் விடவில்லை. அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்று ஒரு நாவலே எழுதி, அதற்குள் அந்தச் சிறுகதையையும் அதை எழுதிய எழுத்தாளனையும் பாத்திரங்களாக்கினார். அதற்கு 1972-இல் சாகித்ய அகாதெமி பரிசு. படத்தில் அந்த எழுத்தாளராக நாகேஷ், இயக்கம் பீம்சிங். அந்தப் பெண் கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது.

பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் நடக்கிற இரண்டு கல் தூரமும் பெண்களுக்குள் ஒரே வாக்குவாதம். கதையில் வந்த அம்மா சரியா, படத்தில் வந்த அம்மா சரியா? அம்மா கடைசி வரை பேசவில்லை. தெரு முனைக்கு வந்ததும் சொன்னார்: “தண்ணி ஊத்துற அம்மா கதையில வருவா. கத்தி ஊரைக் கூட்டுற அம்மா படத்துல வருவா. நம்ம பக்கம் ரெண்டும் கிடையாது. வாயைப் பொத்தி, அடுத்த முகூர்த்தத்துல கட்டிக் குடுத்துருவா.” அதன்பின் யாரும் பேசவில்லை. இலக்கிய விமர்சனம் என்று நான் படித்த எதுவும் அந்த ஒரு வாக்கியத்தின் கிட்டே வரவில்லை.

அடுத்த வருஷம் முள்ளும் மலரும். கல்கியின் வெள்ளி விழா நாவல் போட்டியில் பரிசு வாங்கிய உமாசந்திரன் நாவல். எங்கள் வீட்டில் அதுவும் பைண்டாக இருந்தது. மகேந்திரன் அதில் தனக்கு வேண்டியதை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன், தங்கை, போன ஒரு கை. அத்தைக்கு மூக்கின்மேல் கோபம். “நாவலுக்குப் பணம் குடுத்து வாங்கிட்டு, நாவலை ஏன் எடுக்கல?” எனக்கோ படம் பிடித்திருந்தது. முதன்முறையாக அத்தையின் கட்சியை விட்டு மாறினேன்.

உதிரிப்பூக்கள் வந்த 1979-இல் நான் கும்பகோணம் கல்லூரியில். முதல் வாரம், பகல் காட்சி, அரங்கில் மொத்தம் முப்பது பேர் இருந்தால் அதிகம். என் பக்கத்தில் ஒருவர் தூங்குவதற்கென்றே டிக்கெட் வாங்கியிருந்தார். சத்தம் போடாத படம் என்பதால் அவர் நன்றாகத் தூங்கினார். திரையில் ஒரு மனிதன், ஊருக்குப் பெரிய மனிதன், பள்ளிக்கூடம் நடத்துகிறவன், குரலை உயர்த்தாமலே ஒவ்வொருவராக நசுக்கிக்கொண்டிருந்தான். விஜயன் அப்படி நடித்துப் பின்னாலும் நான் பார்க்கவில்லை, வேறு யார் அப்படி நடித்தும் பார்க்கவில்லை. கடைசியில் ஊரே கூடி அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருகிறது. யாரும் அடிக்கவில்லை. அவனாகவே இறங்கிப் போகிறான். கரையில் இரண்டு குழந்தைகள். விளக்குப் போட்டதும் பக்கத்தில் தூங்கியவர் எழுந்து, “செத்துட்டானா?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.

டைட்டிலில் புதுமைப்பித்தனின் சிற்றன்னை என்று பெயர் பார்த்திருந்தேன். மறுநாளே நூலகத்தில் கேட்டேன். தேடி எடுக்க ஒரு வாரம் ஆனது. ஒரே மூச்சில் படித்தேன். தாய் இல்லாத குழந்தைகள் இருக்கிறார்கள். சிற்றன்னை இருக்கிறாள். ஆறு இல்லை. கரையில் கூடிய ஊர் இல்லை. திரையில் என் குரலை அடைத்த எதுவும் அந்தப் பக்கங்களில் இல்லை. முதலில் ஏமாந்துபோனதாக நினைத்தேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒன்று தட்டுப்பட்டது. பெரியவர்கள் தங்கள் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருக்க, குழந்தைகள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் அந்த உயரம். கதையில் இருந்ததும் படத்துக்கு வந்ததும் அதுதான். மகேந்திரன் மூலத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகிப் போனார் என்பதை ஒருபோதும் மறைத்ததில்லை. ஆனாலும் பெயரைப் போட்டார். போடாமல் விட்டிருந்தால் ஒருவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். தமிழ் சினிமாவில் இதற்கு நேர்மாறான கதைகள்தான் அதிகம் என்பதால் சொல்கிறேன்.

புதுமைப்பித்தன் உயிரோடு இருந்தபோது சினிமா அவரை அப்படி நடத்தவில்லை. ஜெமினியில் அவ்வையார் படத்துக்கு வசனம் எழுதப் போனார். சொந்தப் படக் கம்பெனி என்று ஒன்று தொடங்கிப் பார்த்தார். பாகவதர் ஜெயிலிலிருந்து வந்தபின் எடுத்த ராஜமுக்திக்கு எழுதப் புனே போனார், அங்கே காசநோய் முற்றி, 1948-இல் இறந்தார். நாற்பத்திரண்டு வயது. அவ்வையார் வெளிவந்தது 1953-இல். அதை இயக்கியவர் யார் தெரியுமா? நம் கொத்தமங்கலம் சுப்புதான். எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த பச்சைப் புள்ளி அட்டைக்காரரும் நூலகத்தில் ஒரு வாரம் தேடவைத்தவரும் ஒரே ஸ்டூடியோவில், ஒரே படத்துக்கு எழுத்துவேலை செய்தவர்கள் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்?

கும்பகோணத்தில் படிக்கிறவனுக்கு மோகமுள் படிக்காமல் பட்டம் கிடைக்காது என்பது எங்கள் செட்டில் ஒரு விதி. ஜானகிராமன் எங்கள் கல்லூரியில் படித்தவர். நாவலில் வரும் காவிரியைத் தாண்டித்தான் தினமும் வகுப்புக்குப் போனோம். நாவலின் நாயகி யமுனா இருந்தது துக்காம்பாளையத் தெருவில். தெரு இருக்கிறது, நடந்து போகலாம். எந்த வீடு என்பதுதான் கேள்வி. எனக்கு நீலக் கதவு போட்ட ஒரு வீடு. வாசலில் பவழமல்லி. நண்பன் ஒருவனுக்கு அது இல்லை, எதிர்சாரியில் இரட்டைத் திண்ணை வைத்த வீடுதான். டீக்கடையில் இந்த விவகாரம் சில சமயம் கைகலப்பு வரைக்கும் போகும். நாவலிலிருந்து பக்க எண்ணோடு அவன் சாட்சி கொண்டுவருவான். பவழமல்லிக்கு என்னிடம் சாட்சி இல்லை, பிடிவாதம்தான் இருந்தது.

ஒரு நாள் தீர்ப்பு வாங்குவதென்று இருவருமாக அந்தத் தெருப் பெரியவர் ஒருவரிடம் போனோம். சாய்வு நாற்காலியில் விசிறிக்கொண்டிருந்தார். யமுனாவா என்றார். மோகமுள் என்றோம். ஜானகிராமன் எழுதியது என்றோம். “எந்த ஜானகிராமன்? தபால் ஆபீஸ் ஜானகிராமனா?” அவர் வீட்டில் இரட்டைத் திண்ணையும் இல்லை, பவழமல்லியும் இல்லை. ஆனால் உள்ளேயிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, “தம்பிங்களா, மோர் சாப்பிடுறீங்களா?” என்றார். நான் திடுக்கிட்டேன். நண்பனுக்குக் காரணம் தெரியாது.

படம் 1995-இல் வந்தது. ஞான ராஜசேகரன் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எடுத்த முதல் படம், முதல் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. நண்பன் அப்போது சென்னையில் வேலையாக இருந்தான். இதற்கென்றே ராத்திரி பஸ் பிடித்து வந்தான், இருவருமாகப் போனோம். யமுனாவின் வீடு நீலக் கதவும் இல்லை, இரட்டைத் திண்ணையும் இல்லை. பதினைந்து வருஷச் சண்டை அந்த நிமிஷத்தோடு முடிந்தது. எங்கள் இருவருக்கும் இப்போது ஒரே எதிரி.

யமுனாவாக நடித்தவர் அர்ச்சனா ஜோக்லேகர், மராத்திப் பெண். நாவலில் யமுனாவின் அம்மா பார்வதிபாய் தஞ்சாவூர் மராத்தி வம்சம் என்பதை நினைத்தால் அது பொருத்தம்தான், கணக்கில் பொருத்தம். என் பவழமல்லி வீட்டில் இருந்தவள் அவர் இல்லை. அத்தையின் கழுத்து விவகாரம் எனக்கும் வந்துவிட்டது. ஆனால் விசித்திரம் பாருங்கள், ரங்கண்ணாவாக நெடுமுடி வேணு வந்தபோது எனக்கு எந்த ஆட்சேபமும் எழவில்லை. மலையாள நடிகர், எங்கள் ஊர் சங்கீத வாத்தியார். அவர் தம்பூராவைச் சேர்த்துவிட்டுக் கண்ணை மூடிய இடத்திலிருந்து இன்றுவரை நாவலைத் திறந்தால் ரங்கண்ணா அவர்தான். யமுனாவுக்கு நான் முகம் வைத்திருந்தேன். ரங்கண்ணாவுக்கு வைக்கவில்லை போலிருக்கிறது, வெறும் குரலாகத்தான் வைத்திருந்தேன். காலியாக இருந்த இடத்தில் அவர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

என் பெண் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கையில் ஒரு நாள் ஆங்கிலப் புத்தகத்தோடு வந்து, “அப்பா, கொத்தமங்கலம் சுப்பு யாருப்பா?” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அசோகமித்திரன் ஜெமினியில் வேலை பார்த்த காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியதிலிருந்து ஒரு பகுதி, ‘போயட்ஸ் அண்ட் பேன்கேக்ஸ்’ என்று அவளுக்குப் பாடம். பேன்கேக் என்பது தின்கிற சாமான் இல்லை, மேக்கப் சாமான் என்று வாத்தியார் சொல்லி வகுப்பே சிரித்ததாம். ஜெமினியில் முதலாளி வாசனுக்கு அடுத்த இடத்தில் இருந்த சுப்புவைப் பற்றி அதில் அழகாக வருகிறது. தில்லானா மோகனாம்பாளுக்கும் ஒரு வரி உண்டு.

நான் உட்கார்ந்து ஆரம்பித்தேன். சுப்பு நடிகர், பாட்டுக் கட்டுவார், கிராமத்து மெட்டில் கதை சொல்வார். 1947-இல் மிஸ் மாலினி என்று ஒரு படத்தை இயக்கி, அதில் சம்பத் என்ற எத்தனாகவும் நடித்தார். அதற்குக் கதை ஆர்.கே. நாராயண். நாராயணின் மிஸ்டர் சம்பத் நாவல் வந்தது 1949-இல், அதாவது படம் முந்தி, புத்தகம் பிந்தி. அப்புறம் 1952-இல் வாசனே அதை இந்தியில் எடுத்தார். இதுபோல இன்னொன்று தியாகபூமி. 1939-இல் கல்கி அதை விகடனில் எழுத எழுத, கே. சுப்பிரமணியம் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். தொடருக்கு ஓவியரே கிடையாது. படத்தின் ஸ்டில்களையே அச்சடித்தார்கள். அதைப் படித்த பெண்களுக்குக் கழுத்துப் பிரச்சினை வந்திருக்காது. எஸ்.டி. சுப்புலட்சுமியின் கழுத்துதான் சாவித்திரியின் கழுத்து, தகராறே இல்லை. பிறகு வெள்ளைக்காரன் படத்துக்குத் தடை போட்டான்...

“அப்பா,” என்றாள், “ரெண்டு மார்க் கேள்விதான்.”

அவளும் தப்பவில்லை. 2019-இல் அசுரன் பார்த்துவிட்டு வந்து என் அலமாரியில் பூமணியின் வெக்கையை எடுத்துப் போனாள். இரண்டு நாள் கழித்து, “இதுல அந்தச் சின்னப் பையன்தானேப்பா கதை? படத்துல அப்பாவைத் தூக்கி முன்னாடி நிறுத்திட்டாங்க. ஃபிளாஷ்பேக் மொத்தமும் இதுல இல்லவே இல்லை” என்றாள். குரலில் முறத்துக்கு முன்னால் நின்ற பையன் இருந்தான். 1982-இல் நான் அந்த நாவலை வாங்கியபோது அதைப் படமாக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஒரு பையனும் தகப்பனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள், கிடைத்ததைத் தின்கிறார்கள், பேசுகிறார்கள். அதில் எங்கே இருக்கிறது தனுஷுக்கு வேலை? வெற்றிமாறனுக்குத் தெரிந்திருக்கிறது.

தில்லானா மோகனாம்பாள் இரண்டு பாகமாகப் புத்தகமாய்க் கிடைக்கிறது என்பது எனக்குப் பல வருஷமாகத் தெரியும். வாங்கவில்லை. கண்காட்சியில் கையில் எடுத்துவிட்டு வைத்துவிடுவேன். ஏன் என்று கேட்டால் விலை என்பேன். பத்து வருஷம் முன்பு ஒரு ஜனவரியில் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்த காரியம், அத்தையின் பைண்டோடு ஒப்பிட்டு அந்த இரண்டு வாரம் எங்கே என்று கண்டுபிடித்தது. படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. சுப்பு வழக்கம்போல பத்துப் பேரை ஒரே அறைக்குள் விட்டுப் பேசவைத்திருந்தார். மோர் இல்லை. கிழவி இல்லை. மாடப்பிறை இல்லை. சந்தேகத்துக்கு முன்னும் பின்னும் பார்த்தேன். பிறகு முதலிலிருந்து முழுசாகவே படித்து முடித்தேன். எங்கேயும் மோகனா சீவாளி திருடவில்லை.

அத்தைக்கு அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தும் எழுத்து சரியாகத் தெரியவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் ஏதாவது படிக்கச் சொல்வார். அந்தத் தடவை புதுப் புத்தகத்தைக் கொண்டுபோனேன். தடவிப் பார்த்தார். “என்னடா, வழுவழுன்னு இருக்கு” என்றார். கோபுலு படம் இருக்கிறதா என்று கேட்டார்.

நான்கு நாள் படித்தேன். திண்ணை இடித்துக் கட்டி கிரில் போட்டாயிற்று, அதனால் கூடத்தில். பேச்சு வரும் இடங்களில் அத்தைக்கு வரிகள் தெரிந்திருந்தன. வைத்தி வாய் திறக்கும் முன்பே சிரித்தார். ஐந்தாம் நாள் அந்த இடத்துக்கு வந்தோம். கோபித்துக்கொண்டு போகிற பாராவைப் படித்தேன். அடுத்த பக்கம் இருக்கிறது, என் விரல் அதன் ஓரத்தில் இருக்கிறது. திருப்பவில்லை. சும்மா இருந்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அத்தையே ஆரம்பித்தார். நடுப்பகல். ஆளில்லாத வீடு. கிழவி. இந்தத் தடவை மோருக்கு ஒரு கிள்ளு பெருங்காயமும் சேர்ந்திருந்தது. சீவாளியை எடுத்தாள், வாயருகே கொண்டுபோனாள், ஊதவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள். சொல்லிக்கொண்டே அத்தை தன் புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார்.

“எங்கடா விட்டே?” என்றார். “மேல படி.”